நர்சிங் மாணவிகளை வீடுகளுக்கு அனுப்புங்கள்: கோவை – பாலக்காடு எல்லை வட்டார நர்சிங் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, சித்தூர் வட்டாரங்களின் நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் பாலியேட்டிவ் கேர் (குணப்படுத்த முடியாத நோயாளியின் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு) கட்டாயப் பகுதியாக இருக்கிறது. அது வந்ததில் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்களும் சில நர்சிங் ஆசிரியர்களுமான எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் அது நடக்கும் விதம் என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, மூன்று படி வலி ஏணி, ‘முழுமையான வலி’ என்றால் என்ன என்று சில ஸ்லைடுகள். பிறகு புற்றுநோய் வார்டில் சில நாள் டியூட்டி. தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதோடு முடிந்தது.

வார்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் நோயாளிகள். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வந்து கீமோ ஏற்றிக்கொள்கின்றன, கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கின்றன. ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று சொன்ன நாளிலிருந்து அந்த நோயாளி உங்கள் மாணவியின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். அவருக்கு நம் வேலை மிகுதியாகத் தேவைப்படும் வாரங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்தப் பக்கம் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் பார்க்கிறார். கேரள அரசு 2008-லேயே இதற்கென்று கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நர்ஸ் பார்க்கிறார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உங்கள் வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். நாளைக்கு இந்த வீடுகளின் திண்ணையில் பையோடு வந்து நிற்கப்போவதும் அவர்கள்தான்.

எங்கள் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு மாணவியும், மாணவனும் பத்து வேலை நாள் வீட்டுப் பராமரிப்பு நர்ஸோடு போகட்டும். போகும் முன் சில காரியங்களை ஸ்கில் லேபில் கைப்பழக்கம் ஆக்கிவிடுங்கள். வெறும் பார்வையாளராக மட்டும் அனுப்பினால், நோயாளியின் வீட்டுக்குக் கூட்டம் சேர்த்ததுதான் மிச்சம்.

முதலில் மார்ஃபின், கடும் வலிக்கான மருந்து. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதை வாங்கி வழங்குவது எளிதானது. மருந்து கிடைத்தாலும் அதைச் சரியாகக் கொடுக்கத் தெரியாததால் நோயாளி வலியில் துடிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘மார்ஃபின் 10 மி.கி. 1-1-1’ என்று எழுதியிருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரை வேலை செய்வது நான்கு மணி நேரம். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு என்று கொடுத்தால், பகலில் இரண்டிரண்டு மணி நேரமும் இரவில் எட்டு மணி நேரமும் நோயாளி மருந்தில்லாமல் கிடக்கிறார். ராத்திரி பூராவும் கத்துகிறார். ‘மார்ஃபின் கொடுத்தும் கேட்கவில்லை’ என்று வீட்டார் முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சீட்டைப் பார்த்த உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்பது மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6 ஆகிய வேளைகளுக்கு ஒவ்வொரு பங்கு, இரவு 10 மணிக்கு இரட்டைப் பங்கு என்று எழுதினால் நள்ளிரவு 2 மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

இதைப் பலகையில் கணக்காகப் போட்டுப் பழக்குங்கள். ஒருவர் நான்கு வேளை 10 மி.கி., இரவு 20 மி.கி. எடுக்கிறார், மொத்தம் 60. நடுவில் வலி எகிறினால் எடுக்க வேண்டிய கூடுதல் பங்கு அதில் ஆறில் ஒன்று, அதாவது 10. நேற்று அப்படி மூன்று முறை எடுத்திருக்கிறார். ஆக 90. இனி நான்கு மணிக்கு ஒருமுறை எவ்வளவு? 15 மி.கி., பத்து மி.கி. மாத்திரையில் ஒன்றரை. அளவை மாற்றுவது டாக்டரின் வேலை. ஆனால் நேற்று எத்தனை முறை கூடுதலாக எடுத்தார் என்று கேட்டு எழுதி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியது நர்ஸ். வயதானவர், உடம்பு வற்றிப்போனவர், கிரியேட்டினின் ஏறியவர் என்றால் 2.5 மி.கி.யில் தொடங்குவார்கள். சிறுநீரகம் பழுதானால் மார்ஃபினின் கழிவு உடம்பில் தங்கிவிடும் என்பது அதற்குக் காரணம். கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்குவது, கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத ஆள் இருப்பதாகப் பேசுவது, மூச்சின் எண்ணிக்கை இறங்குவது ஆகியவை அளவு மிஞ்சியதன் அடையாளங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி விழுவது வேறு, இது வேறு. தூக்கம் கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். வலியில் பல நாள் கண் அசராமல் கிடந்தவர் முதல் நாள் நன்றாகத் தூங்குவதைப் பார்த்து வீட்டார் பயந்துபோவார்கள். அதை முன்கூட்டியே சொல்லி வைப்பது பாதி வேலை.

மலச்சிக்கல் மட்டும் தெளியாது. மார்ஃபின் தொடங்கிய அன்றே பேதி மாத்திரையும் தொடங்க வேண்டும். பெரும்பாலும் பைசகோடில் 5 மி.கி. இரண்டு, இரவில். இசப்கோல் உமி கொடுக்கக்கூடாது. தண்ணீர் குடிக்காத நோயாளிக்கு அது உள்ளேயே கட்டியாகிவிடும். இன்னொரு சிக்கலையும் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். மலம் இறுகி அடைத்துக்கொள்ளும்போது அதைச் சுற்றித் தண்ணீராக ஒழுகும். வீட்டார் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்துக்கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், அடைப்பு இன்னும் இறுகும். கையுறை போட்டு விரலால் ஆசனவாயைச் சோதிக்காமல் ‘லூஸ் மோஷன்’ என்று எழுதும் பழக்கத்தை வார்டிலேயே ஒழித்துவிட்டு அனுப்புங்கள்.

சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பேர்போன ஊர். மார்ஃபினும் கள்ளும் சேர்ந்தால் மயக்கம் கூடும். ‘குடிக்கிறீங்களா?’ என்று போலீஸ் மாதிரி கேட்டால் ‘இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். ‘சாயங்காலம் எவ்வளவு போடுவீங்க, எப்பப் போடுவீங்க?’ என்று சாதாரணமாகக் கேட்கப் பழக வேண்டும்.

வலியைக் கேட்பதும் ஒரு கைத்தொழில். பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லுங்கள் என்றால் தென்னந்தோப்பில் வேலை செய்த பாட்டிக்குப் புரியாது. ‘தாங்கவே முடியாத வலி ஒரு ரூபான்னு வெச்சுக்கிட்டா இப்ப எத்தனை பைசாங்க?’ என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். எரியுது, சுரீர்னு கரண்டு அடிக்கிற மாதிரி இழுக்குது, மரத்துப்போன இடத்திலேயே வலிக்குது என்று சொன்னால் அது நரம்பு வலியாக இருக்கலாம். மார்ஃபினோடு வேறு மருந்தும் தேவைப்படும். ஆகவே நோயாளி சொன்ன வார்த்தையையே குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘பெயின் பிளஸ்’ என்று எழுதினால் அடுத்து வரும் ஆளுக்கு எதுவும் தெரியாது.

அடுத்தது புண். வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் வெளியே வெடித்து வரும் வீடுகளில், குடும்பத்தையே அறையை விட்டு விரட்டுவது நாற்றம்தான். ஆஸ்பத்திரியில் கற்ற டிரஸ்ஸிங் இங்கே செல்லாது. புண்ணை ஆற்றுவது இங்கே நோக்கம் அல்ல. நாற்றம் போக வேண்டும், ரத்தம் கசியக்கூடாது, கட்டை மாற்றும்போது வலிக்கக்கூடாது. இந்த மூன்றும் நடந்தால் போதும்.

வேலை இப்படிப் போகும். டிரஸ்ஸிங் செய்ய அரை மணி முன்னால் நோயாளிக்கு மார்ஃபினின் கூடுதல் பங்கைக் கொடுக்கச் சொல்லிப் போன் செய்துவிட வேண்டும். உப்புத் தண்ணீரை வீட்டிலேயே காய்ச்சலாம்: ஒரு லிட்டர் கொதித்த தண்ணீருக்கு ஒன்பது கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய இரண்டு டீஸ்பூன். மூடி வைத்து ஆறவிட்டு, மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட பழைய கட்டை இழுக்கக்கூடாது. உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் நனைய விட்டால் தானாகக் கழலும். இழுத்தால் ரத்தம் வரும், மறுநாள் நோயாளி உங்களைக் கிட்டவே விடமாட்டார். தேய்க்காமல் ஊற்றிக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், எரியும், சதையைக் கெடுக்கும். பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையை அம்மியிலோ கரண்டியின் அடியிலோ நைஸாகப் பொடித்து, துணியில் சலித்து, புண்மேல் தூவ வேண்டும். சலிக்காவிட்டால் மாத்திரையின் மேல்தோல் துணுக்குகள் புண்ணில் ஒட்டி உறுத்தும். நாற்றத்தை உண்டாக்குவது காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள். இந்தப் பொடி அவற்றைக் கொல்கிறது. தினமும் தூவினால் சில நாளில் அறையின் வாசம் மாறிவிடும். விளிம்புத் தோல் ஊறிப்போகாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு களிம்பு. மேலே காஸ், அதன்மேல் துணிப் பட்டை. பிளாஸ்டர் ஒட்டினால் மெலிந்த தோல் அதோடு உரிந்து வரும். துணியால் கட்டுங்கள்.

துணிப் பட்டையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. நைந்த பருத்திப் புடவையையோ வேட்டியையோ துவைத்துக் காய வைத்து, உள்ளங்கை அளவுக்கு மடித்து, துணியில் பொதிந்து, பிரஷர் குக்கரில் தண்ணீர் படாத தட்டின்மேல் வைக்க வேண்டும். வெயிட் போட்டு அரை மணி நேரம் ஆவியில் வெந்த பிறகு, பொதியைப் பிரிக்காமல் உலர்த்த வேண்டும். ஈரப் பொதி கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் தடவை செய்பவர்கள் தவறவிடும் இடம் இது. மாணவி இதை லேபில் ஒருமுறை தன் கையால் செய்து பார்த்திருந்தால்தான் வீட்டில் மருமகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியும். கிழக்குச் சித்தூரில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருக்கள் உண்டு. அங்கே எவ்வளவு தண்ணீரில் ஒரு டிரஸ்ஸிங்கை முடிக்கலாம் என்பதையும் யோசித்துப் போக வேண்டும்.

புழு வைத்திருந்தால் பதற வேண்டாம். டர்பன்டைன் நனைத்த காஸைப் புண்ணின் வாயில் பத்து நிமிடம் வைத்தால் புழுக்கள் மேலே வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். மாணவி அந்த நேரத்தில் தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறாள் என்பதை நோயாளி பார்த்துக்கொண்டே இருப்பார். கழுத்துப் புண் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால், வீட்டாரிடம் அடர்ந்த நிறத் துண்டு ஒன்றைக் கட்டில் அருகே வைக்கச் சொல்லுங்கள். திடீரென்று ரத்தம் பீறிட்டால் வெள்ளைத் துணியில் அது காட்டும் கோலம் அந்தக் குடும்பத்துக்கு ஆயுளுக்கும் மறக்காது.

ரைல்ஸ் குழாய் (மூக்கு வழி உணவுக் குழாய்), ஃபோலி (சிறுநீர்க் குழாய்), இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே சொல்லித்தருபவைதான். தண்ணீர்ப் படுக்கை வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்ற நம்பிக்கை வீடுகளில் பரவிக் கிடக்கிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். தோலுக்கடியில் மருந்து கொடுக்க 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி போடப் பழக்குங்கள். ஊசி போட ரத்தக்குழாய் கிடைக்காத நோயாளியைக் குத்திக் குத்திப் பார்க்காமல், நெஞ்சின் மேற்பகுதியிலோ தொடையிலோ அதைப் போட்டு ஒட்டிவிட்டால், சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்த மருந்தை வீட்டாரே போடலாம். மார்ஃபின், மெட்டோகுளோபிரமைட், ஹாலோபெரிடால், மிடசோலம் இந்த வழியில் போகும்; டயஸெபாம் போகாது, தோலைப் புண்ணாக்கும்.

இனி பேச்சு. இது பற்றித்தான் உங்கள் பாடவேளைகளில் மிகக் குறைவாக நடக்கிறது.

வாசலிலேயே மகன் மறிப்பார்: ‘சிஸ்டர், அப்பனுக்கு என்ன சீக்குன்னு தெரியாதுங்க, நீங்க சொல்லிப்போடாதீங்க.’ தயாரிப்பில்லாத மாணவி ஒன்று ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பொய் சொல்வாள், அல்லது நோயாளியின் உரிமை என்று புத்தகத்தை ஒப்பிப்பாள். இரண்டிலும் கதவு அடைத்துக்கொள்ளும். முதலில் மகனிடம் பேச வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமப்பது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். பிறகு, ‘நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். ஆனால் அவரே கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுப் பார்க்க மட்டும் விடுங்கள்’ என்று அனுமதி வாங்க வேண்டும். உள்ளே போனால் பல நேரம் அப்பா சொல்வார்: ‘தெரியும் கண்ணு, பையன்கிட்டச் சொல்லிராத, தாங்கமாட்டான்.’

இதை வகுப்பில் நடித்துப் பழக்குங்கள். மூன்று பேர்: நோயாளி, மகன், நர்ஸ். பத்து நிமிடம். மற்றவர்கள் இரண்டே விஷயம் குறித்துக்கொள்ளட்டும்: நர்ஸ் எப்போது குறுக்கே பேசினாள், எந்த மௌனத்தைப் பொறுக்காமல் உடைத்தாள். ‘கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்’ என்ற வாக்கியம் வந்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். சரியாகாது என்பது கட்டிலில் இருப்பவருக்குத் தெரியும். அதன் பிறகு நர்ஸ் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். ‘இனி ஒண்ணும் செய்ய முடியாது’ என்பதும் அதே ரகம். நாற்றத்தை நிறுத்தலாம், வலியைக் குறைக்கலாம், வாயைச் சுத்தமாக வைக்கலாம், வாரம் ஒருமுறை வந்து பார்க்கலாம். இத்தனை இருக்கும்போது ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது?

கடைசி நாட்களைப் பற்றியும் தெரிந்தே வர வேண்டும். சாப்பாடு நின்றவுடன் ‘ஒரு குளுக்கோஸாவது ஏத்துங்க’ என்று கேட்பார்கள். உடம்பு மூடிக்கொண்டுவரும்போது ஏற்றும் தண்ணீர் நுரையீரலிலும் காலிலும் போய் நிற்கும், கறகறப்பு கூடும். சாப்பிடாததால் சாகவில்லை, நோய் முற்றியதால் சாப்பாடு நின்றிருக்கிறது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். தொண்டைக் கறகறப்பைக் கேட்டதும் சக்‌ஷன் மெஷினைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டர் எழுதிய, சுரப்பைக் குறைக்கும் பஸ்கோபானைத் தோலுக்கடியில் கொடுத்தால் பெரும்பாலும் போதும். அந்தச் சத்தம் நோயாளியை விட உறவினரைத்தான் வதைக்கிறது.

நம் பக்கத்தில் சொந்தபந்தம் வரிசையாக வந்து வாயில் பால் ஊற்றும் வழக்கம் உண்டு. விழுங்க முடியாதவருக்குக் கரண்டி கரண்டியாக ஊற்றினால் புரையேறும். ‘பால் ஊற்றாதீர்கள்’ என்று தடுக்கும் நர்ஸை எந்த வீடும் மன்னிக்காது, மன்னிக்கவும் வேண்டியதில்லை. தலையைச் சற்றுத் திருப்பி வைத்து, பாலில் நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் ஒற்றச் சொன்னால் சடங்கும் நடக்கும், புரையும் ஏறாது.

உயிர் போன பிறகும் வேலை உண்டு. குழாய்களை எடுத்து, புண்ணைக் கடைசியாக ஒருமுறை கட்டி, மற்றதை வீட்டாரிடம் விட வேண்டும். மிச்ச மார்ஃபினைக் கொடுத்த இடத்திலேயே திரும்ப ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குக் கைமாறிப் போகும் அபாயம் உண்மையானது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், இறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் பதிய வேண்டும். கோவையில் இறந்து உடல் கொழிஞ்சாம்பாறைக்குப் போனாலும் பதிவு கோவையில்தான். இது தெரியாமல் இரண்டு மாநில அலுவலகங்களுக்கிடையே அலையும் குடும்பங்களுக்கு ஒரு வரி சொல்லிவிட்டால் பெரிய உதவி.

எல்லையால் வரும் தனிச் சிக்கல் டிஸ்சார்ஜ் சீட்டு. எல்லை தாண்டிப் போகும் நோயாளிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத மாணவிகளைப் பழக்குங்கள்: மார்ஃபின் அளவும் கடைசியாகக் கொடுத்த மணியும், எத்தனை நாள் மாத்திரை கையில் இருக்கிறது, ஃபோலி மாற்றிய தேதி, புண்ணுக்கு எதைப் போடுகிறோம், நோயாளிக்கு என்ன தெரியும், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார். மாத்திரையோடு மருந்துச் சீட்டின் நகலும் எப்போதும் பையில் இருக்கட்டும். குறிப்பைத் தமிழில் மட்டும் எழுதினால் அந்தப் பக்கத்து நர்ஸுக்கு உதவாமல் போகலாம். மருந்து விவரம் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும்.

லாக்புக்கையும் மாற்றுங்கள். இத்தனை கதீட்டர், இத்தனை டிரஸ்ஸிங் என்று எண்ணிக்கை கேட்டால் மாணவி வீட்டில் எண்ணிக்கையைத்தான் தேடுவாள். ஒரே நோயாளியைப் பத்து நாளில் மூன்று முறையாவது பார்த்து, முதல் நாள் வலி எத்தனை பைசா, கடைசி நாள் எத்தனை, இடையில் என்ன மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் வையுங்கள். அண்மையில் சொந்த வீட்டில் சாவு நடந்த மாணவியை இந்தச் சுற்றில் சேர்க்காமல் பிறகு அனுப்புங்கள். ஒவ்வொரு நாளும் திரும்பும்போது அரை மணி நேரம் ஆசிரியரோ நர்ஸோ உட்கார்ந்து பேச வேண்டும். முதல் சாவைப் பார்த்த பிள்ளையை ‘நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு’ என்று பஸ் ஏற்றிவிடுவது பயிற்சியே அல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களே ஒரு வீட்டுக்கும் போயிராமல் மாணவியை அனுப்பினால், அவள் திரும்பி வந்து கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. கோழிக்கோட்டு இன்ஸ்டிடியூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசினிலும், திருவனந்தபுரத்துப் பாலியம் இந்தியாவிலும் நர்ஸ்களுக்கான பயிற்சிகள் உண்டு. கல்லூரிக்கு இரண்டு ஆசிரியரையாவது முதலில் அனுப்புங்கள்.

அடுத்த கல்வியாண்டின் ரொட்டேஷன் அட்டவணை போடும் முன் எங்களிடம் பேசுங்கள். வண்டியில் ஓட்டுநர், நர்ஸ், தன்னார்வலர் போக இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் இரண்டு மாணவிக்கு மேல் வேண்டாம். பஸ் பிடித்து இருபது பேரை அனுப்பாதீர்கள். அவரவர் ஸ்டெதஸ்கோப், ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில் போதும். வெள்ளைக் கோட்டு வேண்டாம். தெருவே எட்டிப் பார்க்கும்.

இப்படிக்கு,
கோவை – பாலக்காடு எல்லை வட்டாரத்தின் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்களும் நர்சிங் ஆசிரியர்கள் சிலரும்